செப்பனிடும் கைகள்

புதியன படைப்போரை உலகம் போற்றுகிறது. படைத்தவற்றைப் பழுதுபடாமல் காப்போரை அது பெரும்பாலும் அறிவதில்லை. ஏரியை வெட்டியவர் பெயர் கல்வெட்டில் நிற்கும். ஆண்டுதோறும் அதன் கரையை அடைத்தவர் பெயர் எங்கும் நிற்பதில்லை. கணினி நிரல்களின் உலகிலும் இதுவே நடக்கிறது. அவ்வுலகில் ஒரு மாணவி ஆற்றிய பணியையும், அதனைக் காணத் தவறிய ஓர் ஆசிரியர் பின்னர் கற்றுக்கொண்டதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஓர் ஆட்டம் பிறந்த கதை

செங்கற்பட்டிற்கு அருகிலுள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளியின் கணினி மன்றத்தில் ஓர் ஆட்டம் இருக்கிறது. ஆடுபுலி ஆட்டம்தான். திண்ணையிலும் கோயில் மண்டபத் தரையிலும் கோடு கிழித்து, கூழாங்கற்களையும் புளியங்கொட்டைகளையும் வைத்து நம் முன்னோர் ஆடிய அதே ஆட்டம், கணினித் திரையில் ஆடுவதற்கு ஏற்ப எழுதப்பட்டது.

அதனை முதலில் எழுதியவன் மாமல்லபுரத்தை அடுத்த கடலோரச் சிற்றூரிலிருந்து வந்து பன்னிரண்டாம் வகுப்பில் படித்த மாணவன். பாடத்தில் பைத்தான் மொழியைக் கற்றவன், அரையாண்டு விடுமுறையில் யாரும் கேட்காமலேயே இதனை எழுதி முடித்தான். திரையில் 23 சந்திகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலிகள் ஆடுகளைத் தாண்டி வெட்ட வேண்டும். ஆடுகள் புலிகளை நகர முடியாதபடி அடைக்க வேண்டும். பள்ளி முழுவதும் அவ்வாட்டத்தை ஆடியது. அவன் அதனைத் திறமூலமாக வெளியிட்டான். அதாவது, அந்நிரலை எவரும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம் என்று உரிமையளித்துவிட்டுக் கல்லூரிக்குச் சென்றான்.

அடுத்தடுத்து வந்த மாணவர்கள் அதில் தத்தமக்குத் தோன்றியவற்றைச் சேர்த்தனர். ஒருவன் புலி உறுமும் ஒலியைச் சேர்த்தான். மற்றொருத்தி பலகையின் வண்ணத்தை மாற்றும் வசதியைச் சேர்த்தாள். ஆட்டம் வளர்ந்தது, அதன் உள்ளே நிரல் சிக்கலாகிக்கொண்டே போனது. மூன்றாண்டுகள் கழிந்தபின், புதிதாக ஒன்றைச் சேர்க்க முயன்ற ஒவ்வொருவரும் பழையதில் ஒன்றை உடைத்தனர். ஒலியைச் சரிசெய்தால் ஆடு மறைந்தது. ஆட்டைக் கொண்டுவந்தால் புலி அசைய மறுத்தது. அவ்வாண்டு மன்றத்தில் சேர்ந்த மாணவர்கள் நிரலைத் திறந்து பார்த்துவிட்டு, “இதைத் தொடவே அச்சமாக இருக்கிறது” என்று மூடிவைத்தனர்.

பெயர் தேடி வந்த மாணவி

அந்நிலையில்தான் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். கையில் ஒரு குறிப்பேடு இருந்தது.

“ஐயா, சில பெயர்கள் வேண்டும்” என்றாள்.

“யாருக்கம்மா?”

“மாறிகளுக்கு, ஐயா.”

எனக்கு விளங்கவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். நிரலில் ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் இடத்திற்கு மாறி என்று பெயர். புலி நிற்குமிடம், மீந்திருக்கும் ஆடுகளின் எண்ணிக்கை, யாருடைய முறை என்பன போன்ற ஒவ்வொன்றிற்கும் ஒரு மாறி உண்டு. முதலில் எழுதிய மாணவன் அவசரத்தில் அவற்றிற்கு ‘எக்ஸ்’, ‘எக்ஸ் எக்ஸ்’, ‘டெம்ப் 2’ என்றெல்லாம் பெயரிட்டிருந்தான். எழுதியவனுக்கு அவை விளங்கும். பிறகு வருபவர்க்கு விளங்கா. பைத்தான் மொழியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அடுத்த சில வாரங்கள் நாள்தோறும் மதிய உணவு இடைவேளையில் பத்து நிமிடம் பெயர் சூட்டும் பணி நடந்தது. கோடுகள் கூடும் புள்ளிக்குச் ‘சந்தி’ என்றேன். புலி ஆட்டைத் தாண்டுவதற்கு ‘வெட்டு’ என்றும், புலி நகர இயலாத நிலைக்கு ‘அடைப்பு’ என்றும் பெயரிட்டோம். ஒருமுறை ‘நிலை’ என்று ஒரு பெயர் சொன்னேன். “எதனுடைய நிலை, ஐயா? படிப்பவர் கேட்பாரே” என்று அவள் திருப்பிக் கேட்டாள். சொல் பொருளைச் சுட்ட வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பில் கற்பித்துவருபவன் நான். அன்று அதையே ஒரு மாணவி எனக்கு நினைவூட்டினாள். ஆயினும் அப்போது அதனை ஒரு விளையாட்டாகவே எண்ணினேன்.

தெரிந்து தெளிவோம்

பைத்தான் 3 பதிப்பு, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் எழுத்துகளில் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் பெயரிட இடமளிக்கிறது. ஆனால் அம்மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும். கட்டளைச் சொற்களையும் தமிழிலேயே கொண்ட நிரல்மொழி ‘எழில்’. முத்து அண்ணாமலை உருவாக்கிய இம்மொழியும் திறமூலமே.

புதிதாக என்ன?

ஆண்டிறுதியில் ஒரு கண்காட்சி நடந்தது. எங்கள் மன்றத்தின் சார்பில் ஆடுபுலி ஆட்டத்தை வைத்தோம். அதற்கான விளக்கப் பலகையை நானே எழுதினேன். ‘உருவாக்கியோர்’ என்னும் தலைப்பின்கீழ் முதலில் எழுதிய மாணவன் பெயர். அடுத்து ஒலி சேர்த்தவன், வண்ணம் சேர்த்தவள் பெயர்கள். ஓராண்டு முழுவதும் உழைத்த இம்மாணவியின் பெயரை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எதையும் உருவாக்கவில்லையே! எழுதாமல் விட்டுவிட்டேன்.

மதிப்பிட வந்தவர் ஆட்டத்தை ஆடிப் பார்த்தார். “சென்ற ஆண்டும் இதைப் பார்த்தேனே. இவ்வாண்டு என்ன புதிது?” என்று கேட்டார். நான் அவள் பக்கம் திரும்பி, “என்னம்மா புதிதாகச் செய்தாய்? சொல்” என்றேன்.

“புதிதாக ஒன்றும் இல்லை, ஐயா. பழையதைச் செப்பனிட்டேன்” என்றாள்.

வந்தவர் புன்னகைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அவள் பலகையை ஒருமுறை பார்த்தாள். பிறகு கணினியை மூடித் துணியால் துடைக்கத் தொடங்கினாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் கேள்வியில் ‘ஒன்றும் செய்யவில்லையா’ என்னும் தொனி இருந்ததை அவள் உணர்ந்திருப்பாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நீக்கப்பட்ட ஒரு வரி

திங்கட்கிழமை காலை அவளை அழைத்து, “ஓராண்டில் என்ன செய்தாய் என்று எனக்குக் காட்டு” என்றேன். அவள் நிரலின் வரலாற்றைத் திறந்தாள். ‘கிட்’ என்னும் கருவி, நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாள், பெயர், காரணம் ஆகியவற்றோடு பதிந்து வைக்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு எழுதிய கருவி அது. அதில் அவளுடைய ஓராண்டு உழைப்பு வரிசையாக நின்றது.

முதலில் அவள் நிரலை மாற்றவே இல்லை. இருநூறு ஆட்டங்களை நண்பர்களைக் கொண்டு ஆடச் செய்து, ஒவ்வொரு நகர்வையும் பதிவு செய்திருந்தாள். நிரலில் எதை மாற்றினாலும் அந்த இருநூறு ஆட்டங்களையும் கணினி தானே மீண்டும் ஆடிப் பார்க்கும். ஏதேனும் ஒன்றில் முடிவு மாறினால், திருத்தத்தில் பிழை என்று பொருள். “கரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதானே ஐயா ஆற்றில் இறங்க வேண்டும்” என்றாள்.

அடுத்து, புலி எங்கெல்லாம் பாயலாம் என்னும் விதிகளைக் கையிலெடுத்திருந்தாள். முதல் நிரலில் அவ்விதிகள் மூன்று புலிகளுக்கும் மூன்று முறை தனித்தனியே எழுதப்பட்டிருந்தன. இடையில் எவரோ ஒரு பிழையைக் கண்டு முதற்புலிக்கு மட்டும் திருத்திவிட்டு, மற்ற இரண்டையும் மறந்துபோயிருந்தனர். அதனால் கோடே இல்லாத ஓரிடத்தில் இரண்டாம் புலியும் மூன்றாம் புலியும் பாய்ந்தன! அவள் 23 சந்திகளையும், எச்சந்தியிலிருந்து எச்சந்தியைத் தாண்டி எச்சந்திக்குப் பாயலாம் என்பதையும் ஒரே அட்டவணையாக்கினாள். மூன்று புலிகளும் அந்த ஓர் அட்டவணையையே பார்க்கும்படி செய்தாள். ஆயிரத்திற்கும் மேற்பட்ட வரிகள் நானூற்றுச் சொச்சமாகச் சுருங்கின. ஆடுபவர் எவர்க்கும் இது தெரியாது. அந்த ஒரு பிழையைத் தவிர ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை.

வரலாற்றில் ஓரிடத்தில் ஒரு திருத்தம் செய்யப்பட்டு, இரண்டு வாரங்களுக்குப்பின் மீட்கப்பட்டிருந்தது. “இது என்ன?” என்று கேட்டேன். அவள் சற்றே தயங்கினாள்.

“இது என் தவறு, ஐயா. ஒரு புலி ஆட்டை வெட்டியபின், அடுத்த ஆடும் வெட்டும் நிலையில் நின்றால்கூட முறை மாறிவிடும்படி ஒரு வரி இருந்தது. எங்கள் ஊரில் புலி தொடர்ந்து வெட்டிக்கொண்டே போகலாம். ஆகவே அந்த வரியைப் பிழை என்று எண்ணி நீக்கிவிட்டேன்.”

“உன் இருநூறு ஆட்டங்கள் தடுக்கவில்லையா?”

“அவற்றில் எதிலும் புலிக்கு அடுத்தடுத்து இரண்டு ஆடுகள் வாய்க்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து, ‘அக்கா, இப்போதெல்லாம் ஆடு வெல்லவே முடியவில்லை’ என்றார்கள். அதன்பிறகுதான் அண்ணனைத் தொலைபேசியில் கேட்டேன். அது அவர் பாட்டி சொல்லிக்கொடுத்த விதியாம். ஒரு முறைக்கு ஓர் ஆடுதான் வெட்ட வேண்டும். அந்த ஊர்க் கணக்குப்படிதான் ஆடுகளுக்கும் புலிகளுக்கும் சமவாய்ப்பு வருகிறது.”

ஆடுபுலி ஆட்டத்தின் விதிகள் ஊருக்கு ஊர் சற்றே மாறும். எழுதிய மாணவன் அந்த வரிக்கு அருகில் ஒரு குறிப்புரை எழுதியிருந்தால் இக்குழப்பம் நேர்ந்திராது. அவள் அந்த வரியைத் திரும்பச் சேர்த்து, மேலே இவ்வாறு எழுதியிருந்தாள்: ‘இது பிழையன்று, ஆட்ட விதி. ஒரு முறைக்கு ஒரு வெட்டு. நீக்க வேண்டா.’ புலி அடுத்தடுத்து இரண்டு ஆடுகளை எதிர்கொள்ளும் ஓர் ஆட்டத்தையும் சோதனைகளில் சேர்த்திருந்தாள். கடலோரச் சிற்றூரில் வாழ்ந்த, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பாட்டியின் விதி, இப்போது அந்நிரலில் காரணத்தோடு நிற்கிறது.

குகைக்குள் ஒரு விளக்கு

“இப்படிப் பழைய ஆட்டங்களைச் செப்பனிடுபவர்கள் வேறெங்கும் உண்டா?” என்று கேட்டேன். அவள் ஒரு கதை சொன்னாள். பின்னர் அதனை நானும் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் வில் கிரௌதர் என்றொரு பொறியாளர் இருந்தார். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவர். குகைகளுக்குள் சென்று அவற்றை அளந்து வரைபடம் ஆக்குவதில் பெருவிருப்பம் கொண்டவர். மணமுறிவிற்குப்பின் தம் மகள்களுக்காக, 1970களின் நடுவில் ஓர் ஆட்டத்தை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினார். அதில் படமே இல்லை, எழுத்து மட்டுமே. கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையைப் போன்ற ஒரு குகைக்குள் ஆடுபவர் விளக்கேந்திச் சென்று புதையல் தேடுவார். ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ எனத் தட்டச்சு செய்தால், அடுத்து என்ன நிகழ்கிறது என்பதைக் கணினி வருணிக்கும். ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதனைக் கண்டார். கிரௌதரின் இசைவு பெற்று 1977ஆம் ஆண்டு விரிவாக்கினார். ‘அட்வெஞ்சர்’ என்னும் அவ்வாட்டமே, பின்வந்த எண்ணற்ற கணினி ஆட்டங்களுக்கு மூதாதை.

வுட்ஸ் 1995ஆம் ஆண்டில் அதனை மேலும் விரிவாக்கினார். ஃபோர்ட்ரானிலிருந்து சி மொழிக்குப் பெயர்க்கப்பட்ட அந்நிரல் இயங்கியது. ஆனால் படிப்பதற்கு மிகக் கடினமாக இருந்தது. பழைய ஃபோர்ட்ரானில் மாறியின் பெயர் ஆறெழுத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே பெயர்களெல்லாம் மெய்யெழுத்துக் கூட்டமாகச் சுருங்கியிருந்தன. ‘அங்கே போ’ என்னும் தாவல் கட்டளைகள் நிரல் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தன. குகையைவிட நிரலுக்குள்தான் வழி தவறுவது எளிது!

எரிக் ரேமண்ட் என்னும் நிரலாளர், கிரௌதர், வுட்ஸ் ஆகிய இருவரின் இசைவோடு 2017ஆம் ஆண்டு அதனைத் திறமூலமாக வெளியிட்டார். அவரும் துணைநின்ற தன்னார்வலர்களும் செய்த பணி, எங்கள் மாணவி செய்த பணியின் பெருவடிவம். தாவல் கட்டளைகளைக் களைந்தனர். விளங்கும் பெயர்களைச் சூட்டினர். குகையின் அறைகள், பொருள்கள், வருணனைகள் ஆகியவற்றை நிரலிலிருந்து பிரித்து, எவரும் படிக்கத்தக்க தனித் தரவுக்கோப்பாக்கினர். ஆடிய ஆட்டங்களைப் பதிந்து வைத்து, ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் மீண்டும் ஆட்டிப் பார்த்தனர். பகடை உருட்டியதுபோல் தற்செயலாக நிகழும் நிகழ்ச்சிகள்கூட ஒவ்வொரு முறையும் மாறாது நிகழும்படி ஏற்பாடு செய்துகொண்டனர். ஆட்டம் பழையதாகவே இருக்க வேண்டும்; நிரல் மட்டும் தெளிய வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட நெறி.

புறத்தே காணும் செயல் மாறாமல் அகத்தே அமைப்பைச் சீர்செய்யும் இப்பணியை நிரலாளர்கள் மறுசீரமைப்பு என்பர். மார்ட்டின் ஃபௌலர் இதுகுறித்து 1999ஆம் ஆண்டு தனிநூலே எழுதியுள்ளார். இப்பணியின் இயல்பிலேயே ஒரு துன்பம் உண்டு: அது செம்மையாக நடந்தால், நடந்ததே பிறர்க்குத் தெரியாது. தவறு நேர்ந்தால் மட்டுமே எல்லாரும் திரும்பிப் பார்ப்பர்.

ஏரி காத்தவர்கள்

நான் வசிப்பது மதுராந்தகத்தில். காலையில் ஏரிக்கரையில் நடப்பது வழக்கம். அவள் சொன்னதைக் கேட்ட மறுநாள், பல்லாண்டுகளாகப் பார்த்த அந்தக் கரை எனக்கு வேறாகத் தெரிந்தது.

செங்கற்பட்டுப் பகுதி ஏரிகளால் வாழும் மண். மதுராந்தகத்திலுள்ள கோயிலின் இறைவனுக்கே ‘ஏரி காத்த இராமர்’ என்பது பெயர். அப்பெயருக்கு ஒரு செவிவழிக் கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டின் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ், பெருமழை பெய்த இரவில் கரை உடையுமோ என்று அஞ்சிச் சென்றபோது, வில்லேந்திய இருவர் ஒளியோடு நின்று கரையைக் காத்ததைக் கண்டாராம். காலையில் கரை உடையாமல் நின்றதாம்.

அக்கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டவன் நான். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்ததில்லை. கதை ஓர் இரவை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. அந்த இரவுக்கு முன்னும் பின்னும் கோடைதோறும் கரையில் நடந்து, எலி வளையையும் நண்டு வளையையும் தேடி அடைத்தவர் யார்? மதகின் பலகையை மாற்றியவர் யார்? கலங்கலில் அடைத்த செடிகொடிகளை வெட்டியவர் யார்? தூர்வாரி மண்ணைக் கரையில் கொட்டியவர் யார்? அவர்கள் வேலையைச் சரியாகச் செய்த ஆண்டுகளில் கரை உடையவில்லை. கரை உடையாத ஆண்டுகளைப் பற்றி எவரும் கதை கட்டுவதில்லை.

நம் முன்னோர் இதனை முற்றிலும் மறந்தவர்கள் அல்லர். இங்கிருந்து தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதிகளை அவை விரித்துரைக்கின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்க இயலாது. ஏரியை வெட்டுவதோடு கடமை முடிந்தது என்று அவர்கள் கருதவில்லை. காப்பதற்கென ஓர் அமைப்பும், அதற்கு ஆட்களும், காலவரையறையும், பொறுப்புக் கூறலும் வேண்டும் என்று அறிந்திருந்தனர்.

அவ்வமைப்பில் எல்லார்க்கும் இடமிருந்ததா? இல்லை. நிலமும் வேதக்கல்வியும் உடையவர்க்கே ஓலை எழுதப்பட்டது. பெண்களுக்கு அங்கு இடமே இல்லை. திறமூலத்தின் வாயிலில் அத்தகைய தடை எழுதப்படவில்லை. படிக்கவும் திருத்தவும் விழைபவர் எவரும் வரலாம். எங்கள் பள்ளியின் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, எவரும் பணிக்காமலேயே ஒரு நிரலின் ஏரி வாரியமாக நின்றாள்.

கடற்கரைக் கோயிலில்

அவ்வாண்டுச் சுற்றுலாவில் மாணவர்களை மாமல்லபுரம் அழைத்துச் சென்றோம். கடற்கரைக் கோயிலின்முன் நின்று, இராசசிம்மன் காலத்தில் எழுந்த அக்கற்றளியின் சிறப்பையும், யுனெஸ்கோ அமைப்பு 1984ஆம் ஆண்டு மாமல்லபுரத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்ததையும் விளக்கிக்கொண்டிருந்தேன். பல்லவரைப் பற்றிப் பேசுவது எனக்கு எளிது. அன்று அவர்களோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக உப்புக்காற்று அக்கல்லை அரித்துவருகிறது. கடலலையைத் தடுக்கப் பாறைகளைக் குவித்துக் கரை அமைத்திருக்கிறார்கள். காற்றைத் தணிக்கச் சவுக்கு மரங்களை வளர்த்திருக்கிறார்கள். கல்லில் ஊறிய உப்பை, ஈரமான காகிதக் கூழைப் பூசி உறிஞ்சி எடுக்கிறார்கள். கூழ் காய்ந்ததும் உரித்துவிடுவார்கள். அது பூசிய தடயமே கல்லில் இராது. “இவர்கள் இக்கோயிலில் ஒரு சிற்பத்தைக்கூடப் புதிதாகச் செதுக்கவில்லை. செதுக்கவும் கூடாது. ஆனால் இவர்கள் இல்லையென்றால் நாளை இங்கு வருபவர்க்கு முகமழிந்த கல்தான் இருக்கும்” என்றேன்.

கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற அம்மாணவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் யாருக்காகப் பேசுகிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பும் வழியில் பேருந்தருகே அவளிடம், “கண்காட்சியில் உன் பெயரை எழுதாமல் விட்டது என் பிழை, அம்மா” என்றேன்.

“பரவாயில்லை, ஐயா” என்றாள். சற்று நேரம் கழித்து, “எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கும்தான் தெரியவில்லை” என்று சொல்லிச் சிரித்தாள்.

ஒரு தலைப்பு

அத்தலைப்பைத் தேடித் தருவது தமிழாசிரியன் கடமையல்லவா? மாறிகளுக்குப் பெயர் வைத்தவனுக்கு மனிதரின் பணிக்கு ஒரு பெயர் வைக்க இயலாதா? ‘பேணுநர்’ என்னும் சொல்லைத் தேர்ந்தேன். பேணுதல் என்பதற்குக் காத்தல், போற்றுதல், விரும்புதல் எனப் பல பொருள்கள் உண்டு. அவள் செய்த பணியில் அம்மூன்றும் இருந்தன. மன்றத்தின் சுவரிலுள்ள பலகையில் ‘உருவாக்கியோர்’ என்பதற்கு அருகில் ‘பேணுநர்’ என்று எழுதி, அதன்கீழ் அவள் பெயரை எழுதினேன். அவளுக்குப்பின் வருவோர்க்கு இடம் விட்டிருக்கிறேன்.

இப்போது அவள் பள்ளியை முடித்துச் சென்றுவிட்டாள். சென்ற மாதம் மன்றத்தில் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அந்நிரலைத் திறந்து, எவரையும் கேட்காமல், தானே படித்துக்கொண்டிருந்தான். தன் ஊரில் புலி தொடர்ந்து வெட்டலாம் என்றும், அவ்விதியையும் விரும்புவோர் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைச் சேர்க்கப் போவதாகவும் சொன்னான்.

“பழைய விதியை என்ன செய்வாய்?” என்று கேட்டேன்.

“அதை நீக்கக் கூடாதென்று இங்கே அக்கா எழுதியிருக்கிறாரே, ஐயா” என்று திரையைக் காட்டினான்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் ஏரி, குளம், கால்வாய், நூலகம் ஆகியவற்றுள் ஒன்றை நாள்தோறும் பேணிவரும் ஒருவரைச் சந்தித்து, அவர் ஓராண்டில் செய்யும் பணிகளைப் பட்டியலிடுக.

2. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஆடுபுலி ஆட்டம் அல்லது பல்லாங்குழியின் விதிகளைக் கேட்டறிந்து, பிற ஊர் மாணவர்கள் கூறும் விதிகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு விதிக்கும் உரிய காரணத்தோடு எழுதுக.